எலுமிச்சை மண்டிக்காரர் மகள் எழுதுவது

மால்மோ, ஸ்வீடன்
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மண்டியில் வெறும் தரையில் உட்கார வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது?

போன வாரம் போனில், "விருந்தாளிக்கு என்னம்மா செஞ்சு குடுத்த?" என்று கேட்டீர்கள். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், பாயசம் என்று வரிசையாகச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். வாசலில் வந்து நின்றவர்களுக்கு எலுமிச்சை வோட்கா கலந்து கொடுத்தேன் அப்பா. ஒரு வாரமாக மனசு உறுத்துகிறது. போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெரியப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்த வீடு நம்முடையது. டாஸ்மாக் கடை வந்தால் என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கூட்டிப் போவீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் இங்கே வந்த இரண்டு வருஷத்தில் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, பனிக்காலத்தில் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டவர்கள் இந்த ஏழு பேர். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் (ஆமாம், இங்கேயும் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்) கையில் ஒரு கிளாஸ் தருவார்கள். இப்போது எங்கள் முறை. அவர்களுக்குப் பிடித்ததை நன்றாகக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இங்கேயும் சாராயம் விற்பது அரசாங்கம்தான். சிஸ்டம்போலாகெட் என்று பெயர். 1955 வரை ரேஷன் புத்தகம் வைத்து அளந்து கொடுத்தார்களாம். இப்போது புத்தகம் இல்லை, கட்டுப்பாடு இருக்கிறது. 20 வயது ஆகாதவருக்குக் கிடையாது, தள்ளுபடி கிடையாது, இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் கிடையாது. சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு மூடினால் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். உள்ளே நூலகம் போல அமைதி. வயதான அம்மாக்கள் கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள். நானும் அந்த வரிசையில் தலை குனியாமல் நின்றேன். நான் வாங்கிய வோட்கா இந்த ஸ்கோனே மாகாணத்திலேயே, ஓஹுஸ் என்ற ஊரில், இங்கே விளையும் கோதுமையில் வடிப்பது. எலுமிச்சை வாசனை சேர்த்தே ஒரு பாட்டில் வருகிறது. எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. புளியங்குடிக்காரி பாட்டிலில் அடைத்த எலுமிச்சை வாசனையை வாங்குவதா?

பழம் வாங்க மொல்லெவோங்ஸ் சந்தைக்குப் போனேன். திறந்த சதுக்கத்தில் காய்கறிக் கடைகள், நம் சந்தை மாதிரியே கூவி விற்கிறார்கள். இங்கே எலுமிச்சை என்றால் முட்டை போல நீண்ட, பெரிய மஞ்சள் பழம். தோல் தடிமன், நம் பழத்தின் காரமான புளிப்பு இதற்குக் கிடையாது. நம்முடைய சின்ன ரகத்தை லைம் என்று தனியாக, பச்சையாகவே விற்கிறார்கள். நீங்கள் சொல்லித் தந்தபடி ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி, அளவுக்கு மீறிக் கனப்பதாகப் பார்த்து நான்கு எடுத்தேன். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வியாபாரமா?" என்று கேட்டார். "அப்பாவுக்கு" என்றேன்.

தோலுக்கு மெழுகும் பூஞ்சை மருந்தும் பூசிய பழம் இங்கே நிறைய. இந்தக் கலவைக்குத் தோல்தான் உயிர் என்பதால் மருந்து பூசாத பழம் என்று எழுதியிருந்ததைத்தான் எடுத்தேன். இதில் அம்மா ஊறுகாய் போடும் விதம் எனக்குக் கைகொடுத்தது. மேல் மஞ்சளை மட்டும், கசக்கும் வெள்ளை வராமல் சீவி, 200 கிராம் சர்க்கரையில் போட்டுக் கையால் பிசைந்து மூடி வைத்தேன். உப்புப் போட்ட எலுமிச்சை நீர் விட்டுக்கொள்ளுமே, அதே மாதிரி சர்க்கரை தோலில் இருக்கும் எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தால் சர்க்கரை ஈர மணலாகக் கிடந்தது. தோல் துண்டுகள் சுருண்டு, கண்ணாடி போல ஆகிவிட்டன. வாசனை இருக்கிறதே அப்பா, மண்டியில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது அடிக்குமே, அதே வாசனை! அடுப்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதில் 200 மில்லி வெந்நீர் ஊற்றிக் கரைத்து வடிகட்டினால் பாகு தயார்.

நடுவில் ஒரு தவறு நடந்தது. ஆரஞ்சு மதுவும் 15 மில்லி சேர்ப்பது வழக்கம். அதை வாங்க மறந்து, சனிக்கிழமை 3 மணி 10 நிமிடத்துக்குக் கடை வாசலில் போய் நிற்கிறேன், கதவு பூட்டியிருக்கிறது. அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, இன்னும் ஊறிக்கொண்டிருந்த சர்க்கரையில் ஒரு ஆரஞ்சின் தோலையும் சீவிப் போட்டேன். அது இல்லாத குறையை இது தீர்த்துவிட்டது. இனி வாங்கவே போவதில்லை.

ஆளுக்கு 50 மில்லி வோட்கா, 25 மில்லி அப்போது பிழிந்த சாறு, 25 மில்லி பாகு. எல்லாம் அளவுக் கிண்ணத்தில்தான், கண்மட்டம் இல்லை. பிழிவதற்கு முன் பழத்தை மேடையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டினேன். மூடி போட்ட எவர்சில்வர் குவளையில் ஐஸ் நிரப்பி, 15 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். குவளை வெளியே வெள்ளையாகப் பனி பூத்து, விரல் மரத்துப் போகும். அப்போது நிறுத்தினால் சரியாக இருக்கும். ஐஸ் கரைந்து வரும் தண்ணீரும் இதில் ஒரு சேர்மானம்தான், அது இல்லாவிட்டால் தொண்டையைச் சுடும். கிளாஸின் விளிம்பில் பாதிக்கு மட்டும் சர்க்கரை ஒட்டினேன், வேண்டாதவர் மறுபக்கம் குடிக்கலாம். 1970-களில் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த பானம் இது. எலுமிச்சை மிட்டாயின் பெயரையே வைத்து லெமன் டிராப் என்கிறார்கள்.

வந்த ஏழு பேரில் ஒருத்தி மாசமாக இருக்கிறாள், இன்னொருவர் கார் ஓட்டி வந்தவர். இங்கே குடித்துவிட்டு ஓட்டினால் சட்டம் மிகக் கடுமை. அவர்கள் இரண்டு பேருக்கும் அதே பாகு, அதே சாறு, சோடா, கொஞ்சம் புதினா, அதே உயரக் கிளாஸ். அவர்களுக்குத்தான் முதலில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் எலுமிச்சம்பழத் தண்ணீர் என்பது நீங்கள் வைத்த வழக்கம்தானே.

எல்லோரும் கிளாஸை நெஞ்சு வரை உயர்த்தி, ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து "ஸ்கோல்" என்றார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி கண்ணைப் பார்க்கிறார்கள். நானும் ஒரு வாய் குடித்தேன் அப்பா, மறைக்கவில்லை. மற்றவர்களுக்கும் ஆளுக்கு ஒரு கிளாஸ்தான், இரண்டாவது கலக்கவில்லை. பாட்டிலில் மீதி அப்படியே அலமாரியில் இருக்கிறது.

திங்கட்கிழமை ஆபீஸில் ஒவ்வொருவராக வந்து "தாக் ஃபோர் செனஸ்ட்" என்றார்கள். போன தடவைக்கு நன்றி என்று அர்த்தம். மறுபடி பார்க்கும்போது இப்படிச் சொல்வது இந்த ஊர் மரியாதை. மாசமாக இருப்பவள் சோடா கலந்த அந்தத் தண்ணீரின் பக்குவத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாள்.

கோபம் இருந்தால் போனில் திட்டுங்கள், பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். சீவிய தோலை எறியாமல் வெயில் படும் ஜன்னலில் உலர்த்தி வைத்திருக்கிறேன். அதை என்ன செய்யலாம் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். இந்த வாரம் மண்டியில் பழம் கிலோ என்ன விலை போகிறது?

உங்கள் அன்பு மகள்