அது வள்ளிக்கிழங்குக் கொடி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடியக்கரைக் காட்டில் வாசகர் ஒருவர் எடுத்த கொடியின் படத்தை வெளியிட்டு, 'காட்டு வள்ளிக்கிழங்காக இருக்கலாம், கிழங்கு உண்ணத்தக்கது' என்று குறிப்பும் போட்டிருந்தீர்கள். படத்தில் பூ இல்லை. ஆனால் இலை நுனி தெளிவாகப் பதிவாகியிருக்கிறது, அதுவே போதும். அது செங்காந்தள். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்பதெல்லாம் அதன் பெயர்கள்தான்.

பூத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது, மாநில மலர் ஆயிற்றே. ஆறு இதழ்களும் நெளிநெளியாக மேல்நோக்கி மடங்கி நிற்கும். பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி நாளாக நாளாகச் சிவக்கும். (ஒரே கொடியில் இரு நிறப் பூவைப் பார்த்துவிட்டு இரண்டு இனம் என்பவர்களும் உண்டு.) சிக்கல் அதற்கு முந்தைய வாரங்களில்தான். கோடையில் மண்ணுக்குள் உறங்கிய கிழங்கு, மழை விழுந்ததும் முளைத்து வேலியிலும் புதரிலும் வெறும் பச்சைக் கொடியாக ஏறும்.

அப்போது பற்றுக்கம்பி, அதாவது கொடி பற்றி ஏற உதவும் சுருள், எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். பிரண்டையில் அது கணுவில், இலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். முடக்கத்தானில் பூங்கொத்தின் காம்பில், சிறுபூனைக்காலியில் இலைக் கக்கத்தில். செங்காந்தளிலோ இலையின் நுனியே நீண்டு சுருண்டு கொம்பைப் பற்றும். வள்ளிக்கொடிக்குப் பற்றுக்கம்பியே கிடையாது. தண்டுதான் சுற்றி ஏறும். அதன் இலை நீண்ட காம்போடு இதய வடிவில் இருக்கும், அடியிலிருந்து பல நரம்புகள் விரியும். செங்காந்தள் இலைக்குக் காம்பில்லை. ஈட்டி வடிவம், நரம்புகள் நெடுக ஓடும். ஒன்று கவனிக்க வேண்டும்: அடியிலுள்ள இலைகளில் பெரும்பாலும் சுருள் இருக்காது. அவற்றை மட்டும் படமெடுத்துச் செல்பேசிச் செயலியிடம் கேட்டால் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லும்.

கிழங்கு விரல் தடிமனில், கலப்பை போல இரண்டாகக் கவைத்திருக்கும். செடி முழுக்கக் கொல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. வேகவைத்தாலும் போகாது. தின்ற சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, பேதி தொடங்கும். பேதி நின்றதும் தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துவந்துவிடக் கூடாது. எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் பழுதாவது அடுத்தடுத்த நாட்களில்தான். மீதிக் கிழங்கையும் கொடியையும் பையில் போட்டுக்கொண்டு முதல் வாந்தியிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெயர் கேட்டுப் படம் அனுப்புபவர்கள் ஒரே படத்தோடு நிறுத்த வேண்டாம். கொடி ஏறியிருக்கும் விதம், மேல் இலை ஒன்றின் இரு பக்கம், கணு, பூவோ காயோ இருந்தால் முன்னிருந்தும் பக்கவாட்டிலும் என ஐந்தாறு படங்கள் வேண்டும். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், அளவு கணிக்க உதவும். தேதியும், மணல்மேடா உப்புச்சதுப்பா என்பதும் தேவை. பிடுங்கி வரக் கூடாது. கோடியக்கரை 1967 முதல் வனவிலங்கு சரணாலயம். அனுமதியின்றி அங்கே செடி எடுப்பது குற்றம். வயல் வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ கிடைத்ததென்றால், பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி, தினம் தாளை மாற்றி உலர்த்துங்கள். மாற்றாவிட்டால் நம் ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தில் (உலர்த்திய செடிகளைச் சேமித்து வைக்கும் இடம்) இருக்கும் மாதிரிகளோடு அதை ஒப்பிடலாம்.

ஐப்பசி மழைக்குக் கொடிகள் இப்போதுதான் ஏறுகின்றன. கார்த்திகையில் பூக்கும்வரை காத்திராமல், படம் வந்த அதே பக்கத்தில் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர்,
வேதாரண்யம்