மேடையை விட்டு இறங்கிய தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முட்டிவலி வந்தபிறகு கச்சேரியே ஒப்புக்கொள்வதில்லை, மாடியில் பதினோரு பிள்ளைகளுக்கு பரதநாட்டிய அடவு சொல்லிக்கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் “ஆட்டம் போனபின் மிஞ்சியது இதுதானே” என்ற வரி மட்டும் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது.

ரஷ்ய பாலே ஆசிரியை அக்ரிப்பினா வாகனோவாவைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். 1879இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பாவுக்கு மரீன்ஸ்கி தியேட்டரில், வருகிறவர்களை இருக்கை காட்டி உட்காரவைக்கும் வேலை. மகள் அரசாங்க பாலே பள்ளியில் படித்து, 1897இல் அதே தியேட்டரில் ஆடச் சேர்ந்தார். நம் ருக்மிணி தேவியை உன் நாட்டு நடனத்தைப் பார் என்று திருப்பிவிட்டாரே அன்னா பாவ்லோவா, அவர் இதே பள்ளியில் இவருக்கு இரண்டு வருஷம் இளையவர். பாவ்லோவா 1906லேயே தலைமை பாலெரினா, அதாவது பெண் ஆட்டக்காரர்களில் முதலிடம். வாகனோவாவுக்கு பாலெரினா பட்டம் கிடைக்க 1915 ஆயிற்று. அப்போது வயது 36. மறுவருஷமே மேடையை விட்டார்.

ஆட்டத்தில் சளைத்தவரில்லை. வேகமும் தாவலும் நிறைந்த தனி ஆட்டங்களில் அவரை ‘வேரியேஷன்களின் ராணி’ என்றார்கள். இருந்தும் பெரிய வேடங்கள் கைக்கு வரவில்லை. நடன அமைப்பாளர் பெத்திபாவுக்கு இவர் ஆட்டம் பிடிக்கவே இல்லை. வாகனோவாவோ தன் உடம்பு எங்கே தடுக்குகிறது, அதே தியேட்டரில் ஆடிய ஓல்கா பிரியோப்ரஜென்ஸ்கா இத்தாலிய ஆசிரியர் செக்கெட்டியிடம் போனபின் எப்படித் தேறினார் என்று ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டே இருந்தார். அந்தக் கவனம்தான் பின்னால் அவருடைய பாடமானது என்று நான் நம்புகிறேன்.

1917இல் புரட்சி. அந்த வருஷக் கடைசியில் துணைவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். கையில் மகன். பிழைப்புக்காக சினிமாக் கொட்டகைகளில்கூட ஆடியிருக்கிறார். 1921இல்தான் படித்த பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பினார்.

அவர் வகுப்பில் செய்து காட்டினால் மட்டும் போதாதாம். எப்படி, ஏன் என்று பிள்ளைகள் வாயால் சொல்லவும் வேண்டும். கால் எவ்வளவு உயர்ந்தாலும் முதுகு உறுதியாக நிற்கவேண்டும். கை வெறும் அலங்காரம் இல்லை, தாவும்போது உடம்பைத் தூக்கிவிடுவதே அதுதான் என்பார். நம் டீச்சர் நடுமுதுகில் விரலை வைத்து அழுத்துவது உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இப்போதும் அந்த இடம் தெரிகிறது.

1925இல் மரீனா செம்யோனவா, 1928இல் கலீனா உலானவா என்று பின்னால் பெரும்புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் அவர் கையிலிருந்து மேடைக்குப் போனார்கள். 1934இல் தன் முறையைப் புத்தகமாக எழுதினார். 1951இல் காலமானார், 1957இல் அந்தப் பள்ளிக்கே அவர் பெயர் வைத்தார்கள்.

உனக்கும் அரைமண்டி, முட்டியை இருபுறமும் மடக்கிப் பாதி உட்காரும் அந்த நிலை, லேசில் வரவில்லை. இரண்டு வருஷம் சுவரோரம் நின்று பழகினாய், நான் பக்கத்தில் இருந்தேன். முதல் நாளே உட்கார்ந்துவிட்ட எனக்கு அதை இன்றும் விளக்கத் தெரியாது. உனக்குத் தெரியும்.

தை பிறந்ததும் வருகிறேன். அரைமண்டியில் முன்னால் சாய்கிறாள் என்று எழுதினாயே ஒரு சிறுமி, அவளுக்கு நீ என்ன சொல்கிறாய் என்று உட்கார்ந்து கேட்கவேண்டும்.

உன்
பழைய வகுப்புத் தோழி