சார்ட்ட பாதி வெட்டி போடாதீங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல ஷேர் மார்க்கெட் பக்கத்துல நிஃப்டி (50 பெரிய கம்பெனி ஷேர் விலைய சேத்து போடுற குறியீட்டு எண்) சார்ட் ஒண்ணு போட்டு, கீழ பச்சை கேண்டில்னா, அதாவது அன்னிக்கு விலைய மெழுகுவத்தி மாதிரி காட்டுற கட்டம் பச்சையா இருந்தா, முந்தின நாள விட விலை ஏறியிருக்கு, சிவப்புன்னா இறங்கியிருக்குன்னு எழுதியிருந்தீங்க. அது தப்புங்க. வழக்கமா போடுற கேண்டில்ல கலருக்கும் நேத்து விலைக்கும் சம்பந்தமே கிடையாது, அன்னிக்கு காலைல 9.15க்கு ஆரம்பிச்ச விலைய விட சாயங்காலம் 3.30க்கு முடிஞ்ச விலை மேல இருந்தா பச்சை, கீழ இருந்தா சிவப்பு, அவ்ளோதான். நேத்து 500ல முடிஞ்ச ஷேர் இன்னிக்கு 470ல திறந்து 480ல முடிஞ்சா கேண்டில் பச்சையாதான் வரும், ஆனா கையில வச்சிருக்கறவனுக்கு ஒரு ஷேருக்கு 20 ரூபா போச்சு. புதுசா கத்துக்கறவங்க உங்க பக்கத்த வெட்டி எடுத்து வச்சிக்கிறாங்க, அதனால திருத்தம் போடுங்க.

அத விட பெருசா மனச உறுத்துனது அந்த படத்தோட இடது பக்கம் போட்டிருந்த நம்பருங்க. 24,300ல ஆரம்பிச்சு 24,700ல முடியுது. அதுக்குள்ள 200 பாயிண்ட் இறங்குனத போட்டா பாக்கறவன் கண்ணுக்கு மலை மேலேந்து பாறை உருண்டு வந்த மாதிரிதான் தெரியும். கணக்கு போட்டு பாருங்க, 24,500ல 200ன்னா ஒரு பர்சென்ட் கூட இல்ல, நூறு ரூபா 99 ரூபா 20 காசு ஆனாப்பல. அன்னிக்கு காலைல தொரப்பாடி டீக்கடைல நான் உக்காந்திருக்கேன், லேப்ல வேலை செய்யுற தம்பி ஒருத்தரு உங்க பேப்பர விரிச்சு வச்சிகினு மார்க்கெட் கவுந்துடுச்சு அண்ணேன்னு சொல்லி அங்கயே போன எடுத்து மியூச்சுவல் ஃபண்டுல மாசம் 2,000 ரூபா கட்டினு இருந்த எஸ்ஐபிய நிறுத்திட்டாரு. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நிறுத்திட்டாரு. சேதிய நீங்க தப்பா எழுதல, நம்பர் சரிதான், ஆனா அந்த படம் போட்ட விதம் அவர பயமுறுத்திடுச்சு.

எங்கப்பா மண்டித் தெருவுல ஒரு அரிசி மண்டில 30 வருஷம் கணக்குப்பிள்ளையா இருந்தாரு. நீட்டு நோட்டு ஒண்ணு வச்சிருப்பாரு, அதுல காலை ரேட்டு, சாயங்கால ரேட்டு, நடுவுல எது வரைக்கும் ஏறுச்சு எது வரைக்கும் இறங்குச்சு எல்லாம் எழுதுவாரு. கேண்டில்ல இருக்கற நாலு விலையும் அதுதான். கேண்டில் சார்ட்டே ஜப்பான்ல 18ஆம் நூற்றாண்டுல அரிசி வியாபாரம் பண்ணவங்க விலைய குறிச்சு வச்ச பழக்கத்துலேந்து வந்ததுன்னு சொல்றாங்க, ஒசாகால டோஜிமான்னு பெரிய அரிசிச் சந்தை இருந்துச்சு. ஆனா அப்பா அஞ்சாவதா ஒரு கட்டம் போட்டிருப்பாரு, அன்னிக்கு ஆரணிலேந்து எத்தனை மூட்டை வந்துச்சு, எத்தனை வித்துச்சு. மூட்டை சரியா கைமாறாம ரேட்டு மட்டும் ஏறுனா நம்பாதடா ரெண்டு நாள்ல இறங்கிடும், மூட்டை வந்துகினே இருக்கு அப்பவும் ரேட்டு ஏறுதுன்னா நிஜமாவே வாங்கறவன் இருக்கான்னு சொல்வாரு. ஷேர் மார்க்கெட்ல வால்யூம்னு சொல்றது, எத்தனை கைமாறுச்சுங்கற இந்த கணக்கத்தான். உங்க சார்ட்டுல அந்த கட்டத்தையே காணோம், வெறும் விலைய மட்டும் போட்டுட்டு ட்ரெண்ட் மாறிடுச்சுன்னு எழுதுறீங்க.

ட்ரெண்ட்னா ஒரு நாள்ல தெரியறது இல்லீங்க. ஒவ்வொரு மேடும் முந்தின மேட்ட விட உசரமா, ஒவ்வொரு பள்ளமும் முந்தின பள்ளத்த விட உசரமா போச்சுன்னா ஏறுமுகம், ரெண்டும் தாழ்ந்துகினே வந்தா இறங்குமுகம், இத பாக்க வாரச் சார்ட்டு வேணும், வருஷக்கணக்குல வேணும். 2020 ஜனவரில நிஃப்டி 12,400 தாண்டி இருந்துச்சு, மார்ச் 23 அன்னிக்கு ஒரே நாள்ல 13 பர்சென்ட் விழுந்துச்சு, மறுநாள் 7,511 வரைக்கும் போச்சு, அதே வருஷம் நவம்பர்ல 13,000 தாண்டிடுச்சு. மார்ச் மாசம் ஒரு மாச சார்ட்ட பாத்தவன் எல்லாம் முடிஞ்சிதுன்னு வித்தான். பதினஞ்சு வருஷ சார்ட்ட பாத்தவனுக்கு கொரோனா வரும்னு தெரியாது, அது எந்த சார்ட்டும் சொல்லாது, ஆனா இதுக்கு முன்னாடி 2008லயும் பெரிய பள்ளம் வந்து மீண்டுச்சுன்னு தெரிஞ்சிருக்கும்.

இத இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் எங்க வீட்டுலயே இருக்கு. என் தம்பி பையன் ஆம்பூர்ல ஷூ கம்பெனில சூப்பர்வைசர். ஒரு கல்யாண மண்டபத்துல ரெண்டு நாள் கிளாஸ், 6,000 ரூபா ஃபீஸ், அஞ்சு நிமிஷ சார்ட்டுல சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் கோடு (விலை இறங்குனா தாங்குற மட்டம், ஏறுனா தடுக்கற மட்டம்) போடக் கத்துக்குடுத்தாங்க. 2024 ஜூன் 3 அன்னிக்கு பார்லிமென்ட் தேர்தல் எக்ஸிட் போல் வந்த சந்தோஷத்துல நிஃப்டி பழைய உச்சத்த தாண்டி மேலயே திறந்துச்சு, பெரியப்பா பிரேக்கவுட் ஆயிடுச்சு, கோட்ட தாண்டிடுச்சுன்னு எனக்கு போன் பண்ணான், அன்னிக்கே கால் ஆப்ஷன் (நிஃப்டி ஏறுனா லாபம், ஏறலன்னா கட்டுன பணம் போயிடுற ஒப்பந்தம்) வாங்கிட்டான். மறுநாள் ஓட்டு எண்ணிக்கை. நிஃப்டி 1,379 பாயிண்ட் விழுந்துச்சு, கிட்டத்தட்ட 6 பர்சென்ட். அவனுக்கு 85,000 ரூபா போச்சு, பொண்டாட்டி வளையல அடகு வச்ச பணம். கோடு சரியாதான் போட்டிருந்தான், அத நான் ஒத்துக்கறேன். நாளைக்கு என்னா நடக்கப்போகுதுன்னு நாடே காத்துகினு இருக்கறப்ப அந்த கோட்ட நம்பி கடன் பணத்த போடக்கூடாதுன்னு அந்த ரெண்டு நாள்ல ஒருத்தரும் அவனுக்கு சொல்லல.

2021-22லேந்து 2023-24 வரைக்கும் மூணு நிதியாண்டுல ஆப்ஷன், ஃப்யூச்சர்ல (பின்னாடி வர்ற தேதிக்கு இப்பவே விலை பேசிக்கற ஒப்பந்தம்) இறங்குன தனி ஆளுங்கள்ல 100க்கு 93 பேருக்கு நஷ்டம், மொத்தமா 1.8 லட்சம் கோடிக்கு மேல போச்சுன்னு ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கற செபியே கணக்கு சொல்லியிருக்கு. சார்ட் போடுற பக்கத்துலயே ஒரு மூலைல இந்த நம்பர தினமும் போட்டா என்ன குறைஞ்சிடப்போகுது?

இன்னொண்ணு, பழைய விலைய போடுறப்ப ஸ்ப்ளிட் (ஒரு ஷேர பல ஷேரா பிரிக்கறது), போனஸ் (இருக்கற ஷேருக்கு இலவசமா குடுக்கற ஷேர்) கழிச்சு போடுங்க. பக்கத்து வீட்டு ஐயா ராணிப்பேட்டை பெல் (BHEL) கம்பெனில ரிடையர் ஆனவரு, பெல் ஷேரோட பழைய பேப்பர் கட்டிங்க வச்சிகினு என் பணம் எங்கடா போச்சுன்னு கேக்கறாரு. 2011ல ஒரு ஷேர அஞ்சா பிரிச்சாங்க, 2017ல ரெண்டுக்கு ஒண்ணு போனஸ் குடுத்தாங்க, 10 ஷேர் வச்சிருந்தவருக்கு இப்ப 75 ஷேர். ஷேர் இருக்கற டிமேட் கணக்குல எண்ணி காட்டுன அப்புறம்தான் மனுஷனுக்கு மூச்சு வந்துச்சு.

அதனால வாரத்துல ஒரு நாளாவது முழு சார்ட்டா போடுங்க ஐயா, அஞ்சு வருஷம் தெரியணும், அடில வால்யூம் இருக்கணும், இடது பக்க நம்பர வெட்டாம பர்சென்டும் சேத்து போடுங்க. இடம் பத்தலன்னா ராசிபலன் பக்கத்துல கொஞ்சம் எடுத்துக்குங்க. அப்பாவோட நோட்டு இன்னும் எங்கிட்ட பத்திரமா இருக்கு, கேட்டீங்கன்னா ஒரு பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பறேன், மூட்டை கணக்க எங்க எழுதியிருக்காருன்னு படம் வரையறவங்க பாக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர் - 9