கழுத்தில் குத்தினால் சாக வேண்டாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த வீடியோ கேம் கட்டுரையைப் படித்தேன். நீண்ட நாள் ஓடும் தொடர்களின் புதிய பாகங்களைக் குறை சொல்பவர்கள் எல்லோரும் மாற்றத்தைக் கண்டு மிரளும் பழைய ஆட்கள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தப் பழைய ஆட்களில் நானும் ஒருவன். பதில் சொல்ல எனக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

மாற்றம்தான் எங்களுக்குப் பிடிக்காது என்றால் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேம் தொடரை எப்போதோ விட்டிருப்போம். 1996-ல் வந்த முதல் பாகத்தில் கேமரா அறை மூலையில் அசையாமல் நிற்கும். அடுத்த திருப்பத்தில் என்ன நிற்கிறது என்று தெரியாது. சேவ் செய்யக்கூட டைப்ரைட்டர் ரிப்பனைத் தேடி எடுத்து வைத்திருக்க வேண்டும். 2005-ல் நான்காம் பாகம் அந்தக் கேமராவைத் தூக்கி நாயகனின் தோளுக்குப் பின்னால் வைத்தது. 2017-ல் ஏழாம் பாகம் நாயகனின் கண் வழியாகவே நம்மைப் பார்க்க வைத்தது. இரண்டுமே தலைகீழ் மாற்றங்கள். இரண்டையும் கொண்டாடினோம். நடுவில் 2012-ல் வந்த ஆறாம் பாகத்தில்தான் முகம் சுளித்தோம். இத்தனைக்கும் அதில் கேமரா நான்காம் பாகத்தைப் போலத் தோளுக்குப் பின்னால்தான் இருந்தது. காணாமல் போனது பயம். இன்னும் எத்தனை தோட்டா மிச்சம் என்று எண்ணிக்கொண்டே நடந்தவனை வெடிக்கும் வாகனங்களுக்கு நடுவே ஓட விட்டார்கள். (அதையும் கடைசி வரை ஆடி முடித்தேன் என்பது வேறு விஷயம்.)

ஒரு நாகரிகத்தை யுகம் யுகமாக வளர்த்து ஆடும் சிவிலைசேஷன் தொடரை உருவாக்குபவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். புதிய பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பழையபடி இருக்க வேண்டும், ஒரு பங்கு மெருகேற வேண்டும், ஒரு பங்கு முற்றிலும் புதிதாக இருக்க வேண்டும். நல்ல கணக்குதான். ஆனால் எந்தப் பங்கைத் தொடாமல் விடுவது? சண்டையே அதில்தான். 2025-ல் ஏழாம் பாகம் வெளிவந்தபோது, அதில் யுகம் மாறினால் நம் நாகரிகமும் மாறிவிட்டது. கற்காலத்தில் தொடங்கிய ஒரே கூட்டத்தை விண்வெளி வரை கொண்டுபோவதுதான் ஆட்டம் என்று 1991 முதல் பழகியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

இதைவிட நல்ல உதாரணம் அசாசின்ஸ் க்ரீட். 2007-ல் தொடங்கிய தொடர். ஒளிந்திருந்து, நெருங்கி, மணிக்கட்டில் மறைத்த கத்தியால் ஒரே குத்து. அசாசின் என்றால் மறைந்திருந்து கொல்பவன்; தொடரின் பெயரே அதைத்தான் சொல்கிறது. 2017-ல் எகிப்தை வைத்து வந்த ஆரிஜின்ஸ் பார்க்க அள்ளிக்கொண்டு போனது, மறுக்கவில்லை. ஆனால் எதிரிக்கு நம்மைவிட லெவல், அதாவது பலத்தின் படி, அதிகம் என்றால் கத்தி கழுத்தில் இறங்கியும் ஆள் சாகமாட்டான். திரும்பி நின்று அடிப்பான். அடுத்த வருடம் வந்த ஒடிஸியிலும் அதே கதை. கழுத்தில் குத்தினால் சாக வேண்டும் என்று கேட்பது பழமைவாதமா? 2020-ல் வல்ஹாலா வந்தபோது, ஒரே குத்தில் கொல்லும் வசதியைத் தனியாக ஒரு ஆப்ஷனாக வைத்தார்கள். நாங்கள் கத்தியது வீண் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஜப்பானிய ரவுடிக் கும்பல்களை வைத்து வரும் யாகுசாவையும் சொல்லிவிடுகிறேன். 2005 முதல் தெருச்சண்டையாகவே வந்த தொடர், 2020-ல் ஆளுக்கொரு முறை காத்திருந்து அடிக்கும் ஆட்டமாக மாறியது. இதைவிடப் பெரிய மாற்றம் கிடையாது. ஆனால் புது நாயகன் கசுகா சின்ன வயதிலிருந்தே டிராகன் குவெஸ்ட் என்ற, முறை வைத்து அடிக்கும் கேமை ஆடி வளர்ந்தவன். தெருச்சண்டையையும் அவன் அப்படித்தான் கற்பனை செய்துகொள்கிறான். காரணம் கதைக்குள்ளேயே இருந்ததால் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டோம். முறை வைத்து அடிக்கும் ஆட்டமாகத் தொடங்கிய ஃபைனல் ஃபேன்டசி தொடர் இதற்கு நேரெதிர்த் திசையில் போய், 2023-ல் பதினாறாம் பாகத்தில் முழு அதிரடிச் சண்டைக்கு வந்து நிற்கிறது. அது நல்ல கேம்தான். ஆனால் கூட வருபவர்களுக்கு உத்தரவு போட்டு, யோசித்து யோசித்து ஆடிய சுகத்தை அதில் தேடாதீர்கள்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. 2002-ல் ஜப்பானில் வெளியான ஸெல்டா தொடரின் விண்ட் வேக்கர் கேமை, அதன் முதல் காட்சிகள் வந்தபோதே கார்ட்டூன் என்று கிண்டலடித்தோம். நான் அதைத் தொட்டது பல வருடம் கழித்து. அதே காலத்தில் நிஜம்போல இருக்கிறது என்று நாங்கள் வியந்த பல கேம்கள் இன்று பார்க்கச் சகிக்கவில்லை. விண்ட் வேக்கரில் வரும் கடல் மட்டும் அப்படியே அழகாக இருக்கிறது. அதே தொடரில் 2017-ல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டில் வாள் அடிக்கடி உடைகிறதே என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினேன். அப்புறம் உடையும் வாள்தான் என்னை அடுத்த குன்றுக்குத் துரத்துகிறது என்று புரிந்தது.

கடைசியாக, விற்பனை. இவ்வளவு விற்ற கேமை எப்படிக் குறை சொல்வது என்று கட்டுரையாளர் கேட்கிறார். 2022 நவம்பரில் வந்த போகிமான் ஸ்கார்லெட், வயலெட் இரண்டும் சேர்ந்து மூன்றே நாளில் உலகமெங்கும் ஒரு கோடி விற்றன. திக்கித் திணறும் படக்காட்சியும், தரைக்குள் விழும் உருவங்களும் அதே மூன்று நாளில்தான் ஊரையே சிரிக்க வைத்தன. முதல் மூன்று நாளில் வாங்கியவர்கள் அதை ஆடிப் பார்த்தா வாங்கினார்கள்? முந்தைய பாகங்கள் மீதிருந்த நம்பிக்கையில் வாங்கினார்கள். அந்த எண்ணிக்கை பழைய கேம்களுக்குக் கிடைத்த மதிப்பெண்.

ஒரு வேண்டுகோள். தொடர் கேம் ஒன்றுக்கு விமர்சனம் போடும்போது இருவரை எழுதச் சொல்லுங்கள்: அந்தத் தொடரை இப்போதுதான் தொடும் ஒருவர், முதல் பாகத்திலிருந்து ஆடிய ஒருவர். முடிந்தால் ஆறு மாதம் கழித்து, பிழை திருத்தும் பேட்ச் எல்லாம் வந்த பிறகு, அதே இருவரிடம் மறுபடியும் கேளுங்கள். இரண்டாவது ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்