உயிரியலை முதல் வருடத்தோடு முடித்துவிடாதீர்கள்

இந்திய நர்சிங் கவுன்சிலுக்கும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பாடத்திட்டத்தைக் கவனிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் மெடிக்கல் வார்டுக்கு வெவ்வேறு கல்லூரிகளில் இருந்து பி.எஸ்சி. நர்சிங் பிள்ளைகள் போஸ்டிங் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களோடு நின்று வேலை பார்க்கிறவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். உயிரியலையும் நர்சிங்கையும் நாலு வருடமும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். ஒன்றை முதலில் முடித்து மூட்டை கட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்காதீர்கள்.

நீங்களும் பிரித்து வைக்க நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். 2021-22இல் வந்த செமஸ்டர் பாடத்திட்டத்தைப் படித்திருக்கிறேன். அனாடமி (உடற்கூறு), பிசியாலஜி (உடலியக்கம்), பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி எல்லாவற்றுக்கும் முன்னால் 'அப்ளைடு' (நடைமுறைக்கானது) என்று சேர்த்திருக்கிறீர்கள். மூன்றாவது, நான்காவது செமஸ்டரில் வரும் அடல்ட் ஹெல்த் நர்சிங்கில், நோய் வந்தால் உடம்பின் இயக்கம் எப்படி மாறுகிறது என்று சொல்லும் பேத்தோபிசியாலஜியையும் சேர்த்தே நடத்தவேண்டும் என்று பாடத்தின் பெயரிலேயே போட்டிருக்கிறீர்கள். நோக்கம் சரி. நடப்பது வேறு. முதல் செமஸ்டரில் அனாடமிக்கு 60 மணி நேரம், பிசியாலஜிக்கு 60 மணி நேரம், மனித உடம்பு மொத்தமும் அதற்குள் அடங்கவேண்டும். பிளஸ் டூ முடித்துவிட்டு வந்த பிள்ளை, இன்னும் ஹாஸ்டலே பழகாத நேரத்தில், சிறுநீரகத்தில் வடிகட்டுகிற நெஃப்ரானையும் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் என்ற நரம்பு மின்துடிப்பையும் மனப்பாடம் செய்து எழுதி பாஸ் ஆகிவிடுகிறது. சிறுநீரகம் செயலிழந்த நோயாளி முன்னால் அதே பிள்ளை வந்து நிற்கும்போது ஒரு வருடம் ஓடிப் போயிருக்கும், நெஃப்ரானும் கூடவே போயிருக்கும்.

இந்தப் பிள்ளைகள் உயிரியல் தெரியாதவர்கள் இல்லை. நீட் தேர்வுக்காக ராத்திரி பகலாக விலங்கியல் படித்தவர்கள் எத்தனையோ பேர் இன்று நர்சிங் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் இருக்கிற அறிவை நோயாளியோடு பொருத்திக் காட்ட ஆள் இல்லை, அதுதான் குறை.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் வாராவாரம் பார்க்கிற கேஸ். ரத்தம் உறைகிறதா என்று பார்க்க 20 நிமிடச் சோதனை செய்கிறோம். கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்து ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்கவேண்டும். பிள்ளைகள் இந்தப் படிகளை அழகாக ஒப்பிப்பார்கள். ஆனால் குழாய் ஏன் கண்ணாடியாக இருக்கவேண்டும், ஏன் சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய குழாய் ஆகாது என்று கேட்டால் பதில் வராது. கண்ணாடியின் பரப்பில் பட்டதும் ரத்தத்தில் உள்ள பன்னிரண்டாவது உறைதல் காரணி தூண்டப்பட்டுத்தான் உறைதல் ஆரம்பிக்கிறது, பிளாஸ்டிக்கிலோ டிடர்ஜென்ட் ஒட்டிய கண்ணாடியிலோ அது சரியாக நடக்காது, அதனால் நல்ல ரத்தமே உறையாத ரத்தம் மாதிரித் தெரிந்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை எந்த அவசரத்திலும் கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் குழாயை எடுக்காது. படிகளை மட்டும் தெரிந்த பிள்ளை எடுத்துவிடும்.

கண்ணாடி விரியன் நச்சு உறைதல் காரணிகளைத் தாறுமாறாகத் தூண்டிவிட்டு, ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் புரதத்தை எல்லாம் செலவழித்துவிடுகிறது, அதனால்தான் ஈறிலும் ஊசி போட்ட இடத்திலும் ரத்தம் கசிகிறது. கட்டுவிரியன் கதையே வேறு. கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, வலியும் அநேகமாக இருக்காது, வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு நடந்தே வருவார்கள். தசையை இயக்கச் சொல்லும் அசிடைல்கோலின் நரம்பு முனையில் இருந்து வெளிவருவதை அந்த நச்சு நிறுத்திவிடுகிறது. முதலில் இமை இறங்கும், அப்புறம் விழுங்க முடியாது, அப்புறம் மூச்சு. நல்ல பாம்பு நச்சு தசைப் பக்கத்து ஏற்பியில் போய் அடைத்துக்கொள்வதால் அசிடைல்கோலின் சிதையாமல் காக்கும் நியோஸ்டிக்மின் மருந்து கொடுத்தால் பலன் தெரியும், கட்டுவிரியனில் முனையே கெட்டுப் போவதால் பெரும்பாலும் பலன் இருக்காது, விஷமுறிவு மருந்தான ஏ.எஸ்.வி. போட்ட பிறகும் நாள் கணக்கில் வென்டிலேட்டர் தேவைப்படலாம். நரம்பு தசை சந்திப்பின் படத்தைப் பள்ளியிலேயே வரைந்து, பாகம் குறித்து, மார்க் வாங்கியவர்கள்தான் இந்தப் பிள்ளைகள். அந்தப் படத்தை இந்த நோயாளியின் இமையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால், நைட் டியூட்டியில் அரை மணிக்கொரு தரம் "அண்ணே, மேலே பாருங்க, ஒரே மூச்சுல எண்ணுங்க" என்று கேட்பதன் அருமை தானே புரியும். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்துதான் நாட்டின் ஏ.எஸ்.வி. தயாரிப்புக்கான நச்சில் பெரும்பகுதி போகிறது. விலங்கியல், நோய் எதிர்ப்பியல், நர்சிங் மூன்றும் கைகோக்கிற இடம் சென்னைக்கு இவ்வளவு பக்கத்திலேயே இருக்கிறது, பிள்ளைகளை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

பொட்டாசியமும் அப்படித்தான். கால் வீங்கி வந்தவருக்கு நீர் பிரிய வைக்கும் ஃப்ரூசமைட் போகிறது, இதயத்துக்கான டிகாக்சின் மாத்திரையும் சாப்பிடுகிறார், லேபில் இருந்து பொட்டாசியம் குறைவாக, 2.9 என்று வருகிறது. மாணவி அதைக் கேஸ் ஷீட்டில் சரியாகக் குறிக்கிறாள், அதோடு விட்டுவிடுகிறாள். உடம்பின் பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்லுக்குள்ளே இருக்கிறது, வெளியே இருக்கும் அந்தச் சொச்சம்தான் இதயத் துடிப்பைத் தீர்மானிக்கிறது, அது குறைந்தால் டிகாக்சின் விஷமாகும் என்று தெரிந்தவள் எண்ணைக் குறித்துவிட்டு நகரமாட்டாள், நாடியைப் பிடித்துப் பார்ப்பாள், டாக்டரைக் கூப்பிடுவாள். பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராக ரத்தக் குழாயில் ஏற்றக்கூடாது என்பதும் அவளுக்கு வெறும் விதியாக இருக்காது.

நோயாளிக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று மாணவர்கள் எழுதும் கேர் பிளானில் 'ரேஷனேல்' என்று ஒரு கட்டம் உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை. ஒவ்வொரு செயலையும் ஏன் செய்கிறோம் என்று எழுதவேண்டிய இடம். நாலு வருடமும் உயிரியல் உயிரோடு இருக்கவேண்டிய கட்டம் அதுதான். இன்று அதைச் சீனியர் நோட்டில் இருந்து அப்படியே இறக்குகிறார்கள், டியூட்டரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். எத்தனை கேர் பிளான், எத்தனை கேஸ் பிரசன்டேஷன் முடித்தார்கள் என்று லாக் புக்கில் எண்ணுகிறீர்கள், எழுதியது புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அந்தக் கட்டத்தை மட்டும் வைத்து நோயாளி பக்கத்தில் நின்றபடி பத்து நிமிடம் கேள்வி கேட்டு மார்க் போடுங்கள். இது ஒன்றே நிறைய மாற்றும்.

அடுத்து, ஆசிரியர்கள். பல கல்லூரிகளில் பிசியாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் எடுக்கிறவர் வெளியில் இருந்து வந்து வகுப்பு எடுத்துவிட்டுப் போகிறவர் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர் வார்டுக்கு வருவதில்லை, வார்டுக்கு வருகிற டியூட்டர் பிசியாலஜியைத் தொடுவதில்லை. இரண்டு பேரையும் மாதம் ஒருமுறையாவது ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டைச் சேர்ந்து நடத்த வையுங்கள். ஒவ்வொரு ஸ்பெஷாலிட்டி போஸ்டிங்குக்கு முன்னாலும் அந்த உறுப்பின் பிசியாலஜியை மறுபடி சில மணி நேரம் எடுக்கக் கட்டாயமாக்குங்கள். பச்சிளம் குழந்தை வார்டுக்குப் போகுமுன், அந்தக் குழந்தை குளிரில் நடுங்காமல் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்குகிறது என்று படித்துவிட்டுப் போனால், ஈரத் துணியை உடனே மாற்றுவதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரியும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான், அட்டவணை ஏற்கெனவே பிதுங்குகிறது. முதல் செமஸ்டரில் கொட்டுகிறதில் ஒரு பகுதியை எடுத்துப் பின்னால் போடுங்கள் என்கிறேன், மணி நேரத்தைக் கூட்டச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். விலங்கியலோ மைக்ரோபயாலஜியோ படித்துப் பட்டம் வாங்கியவர் நர்ஸாக விரும்பினால், இங்கே முதல் வருடத்தில் இருந்துதான் தொடங்கவேண்டும். அமெரிக்காவில் வேறு பட்டம் உள்ளவர்கள் தேவையான உயிரியல் பாடங்களை முடித்திருந்தால் ஒன்று, ஒன்றரை வருடத்தில் நர்சிங் பட்டம் முடிக்க வழி இருக்கிறது. அதை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை, கிளினிக்கல் நேரத்தில் கை வைக்கவே கூடாது. படித்த பாடத்தையாவது கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் 1946இல் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் தொடங்கியது. பட்டப்படிப்பாக ஆக்கியதே, கை வேலையோடு காரணமும் தெரிந்த நர்ஸ் வேண்டும் என்பதற்காகத்தானே? 2023இல் தேசிய நர்சிங், மகப்பேறு ஆணையச் சட்டம் நிறைவேறிவிட்டது. 1947ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் புதிய ஆணையம் உட்காரும்போது பாடத்திட்டத்தை மறுபடி எடுத்துப் பார்ப்பீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் பேராசிரியர்களோடு, மாணவர்களை வார்டில் வைத்துப் பார்க்கிற ஸ்டாஃப் நர்ஸ்களையும் கூப்பிடுங்கள். அதற்கு முன்பே, பல்கலைக்கழகம் நினைத்தால், வரும் கல்வியாண்டில் ஒரு சில கல்லூரிகளில் மூன்றாவது செமஸ்டரில் மட்டும் இதைச் செய்து பார்க்கலாம். பாம்புக்கடி, சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்று நாலு கேஸ் போதும். எங்கள் வார்டில் இடம் தரவும், டியூட்டி முடிந்து நின்று சொல்லிக்கொடுக்கவும் நானும் என்கூட வேலை செய்கிறவர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்