யுகுலேலே பயிற்சி: தினமும் புதுப்பாட்டு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிதாரைப் போன்ற சிறு தந்திக் கருவியான யுகுலேலேயைக் கற்பவர்களுக்காக நடத்தப்படும் மாதாந்திரப் பயிற்சிச் சவால்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். குருவின் துணையின்றித் தாமே பழகும் பெரியவர்களுக்கு ஒரு மாதம் என்பது எட்டக்கூடிய இலக்கு என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், தினமும் ஒரு புதிய பாட்டு, தினமும் ஒரு காணொளி, ஒரு நாள் தவறினாலும் ஆட்டத்திலிருந்து நீக்கம் என்னும் முறையைக் கட்டுரை மெச்சியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

1879-இல் மதேரா தீவிலிருந்து ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த சிறு தந்திக் கருவியிலிருந்து பிறந்த யுகுலேலே, தொடங்குவதற்கு எளியதுதான். ஜி, சி, இ, ஏ எனத் தந்திகள் நான்கே. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளில் (chord), சி கார்டுக்கு ஒரு விரல், ஏ மைனருக்கும் ஒரு விரல். (சி-யை ஷட்ஜமாகக் கொண்டால், எதையும் அழுத்தாமல் மீட்டும்போதே ப, ஸ, க, த என்று மோகனத்தின் ஐந்து சுரங்களில் நான்கு ஒலித்துவிடுவது நம் காதுகளுக்குக் கிடைத்த உபரி.) சிரமமெல்லாம் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில்தான். எஃப் கார்டில் சுட்டுவிரல் இ தந்தியின் முதல் கட்டத்திலும் (கட்டம் என்பது கருவியின் கழுத்தில் குறுக்குப் பட்டிகளுக்கு இடைப்பட்ட பகுதி), நடுவிரல் ஜி தந்தியின் இரண்டாம் கட்டத்திலும் இருக்கும். அங்கிருந்து ஜி7-க்குப் போகும்போது சுட்டுவிரல் அசையாமல் நிற்க, நடுவிரல் சி தந்திக்கும் மோதிரவிரல் ஏ தந்திக்கும் இரண்டாம் கட்டத்தில் வந்து சேர வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் அந்தச் சுட்டுவிரலையும் சேர்த்துத் தூக்கிவிடுவதால் தாளம் இடறுகிறது. சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, கார்டுக்கு நான்கு தட்டு வீதம், இந்த ஒரு மாற்றத்தையே பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது கைவரும். தினமும் புதுப்பாட்டைத் துரத்துபவருக்கு அதற்கு நேரம் ஏது? காணொளியில் இடறிய இடத்தை வெட்டிவிடலாம். விரலுக்கு அது உதவாது.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்பதற்கும் ஆதாரம் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடப் பழக்கம் ஒன்று தானாக நிகழும் அளவுக்குப் படிய ஏறத்தாழ 66 நாள்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையே ஒருமுறை விட்டுப்போனதால் குறிப்பிடத்தக்க பின்னடைவு ஏதும் ஏற்படவில்லை. அது உணவு, உடற்பயிற்சி போன்ற பழக்கங்களைப் பற்றிய ஆய்வு என்றாலும், காய்ச்சலில் ஒரு நாள் வாசிக்காதவரை நீக்குவது எவ்வளவு பொருளற்றது என்பதை உணர இது போதும்.

ஆகவே, சி, ஏ மைனர், எஃப், ஜி7 ஆகிய நான்கை மட்டும் முதல் மாதத்துக்கும், சுட்டுவிரலை இரு தந்திகள் மேல் படுக்கவைத்து அழுத்த வேண்டிய பி ஃபிளாட்டை அடுத்த மாதத்துக்கும் வைத்து, வாரம் ஒரு நாள் ஓய்வும் அளிக்கும் பயிற்சி அட்டவணை ஒன்றைத் தங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.