இரண்டரை நிமிடப் பாட்டுக்குக் கடைசி இடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான ட்ரீம் தியேட்டரின் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ ஆல்பத்தின் எட்டுப் பாடல்களையும் வரிசைப்படுத்திச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் இதழ் ஒன்று ப்ரோகிரசிவ் மெட்டலுக்கு (நீளமான, தாளம் அடிக்கடி மாறுகிற மெட்டல் இசைக்கு) இரண்டு பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் ‘வெயிட் ஃபார் ஸ்லீப்’ பாட்டை எட்டாவது இடத்தில் தள்ளி, அது வெறும் இடைவேளை என்று கட்டுரையாளர் எழுதியிருந்த இடத்தில் இதழை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தேன். கோபம் ஆறட்டும் என்றுதான். ஆறவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

நான் தொண்ணூறுகளில் கானமேளாக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன். கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் நான் ஏறாத மேடை குறைவு. 1992 ஜூலையில் வெளியான இந்த ஆல்பம் எங்கள் கைக்கு வர மூன்று வருடம் ஆனது. திருவனந்தபுரத்தில் படித்துக்கொண்டிருந்த நண்பன் ஒரு கடையில் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கிவந்தான். மொத்த ஆல்பமே 57 நிமிடம், தாராளமாகக் கொள்ளும் என்பது கடைக்காரர் கணக்கு.

வீட்டில் போட்டோம். முதல் பாட்டு ‘புல் மீ அண்டர்’ எட்டு நிமிடம் ஓடி, உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே கத்தி வைத்து அறுத்த மாதிரி நின்றது. “டேப்பு சிக்கிட்டா மக்கா?” என்றான் நண்பன். சிக்கவில்லை. அடுத்த முறை போனபோது கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறான். ஒரிஜினலே அப்படித்தான் என்று அவர் சத்தியம் செய்தும் நாங்கள் நம்பவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, அவர் சொன்னது உண்மை. அந்தப் பாட்டை வேண்டுமென்றே அப்படி வெட்டி முடித்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே அறுபட்டது வேறு பாட்டு. பக்கத்துக்கு நான்கு பாட்டு என்று பிரித்தால் முதல் பக்கம் இருபத்தாறரை நிமிடத்தில் முடிந்துவிடும், இரண்டாவது பக்கம் முப்பதரை நிமிடம் வரும். கேசட்டில் இருந்தது முப்பது. கடைசிப் பாட்டான ‘லேர்னிங் டு லிவ்’ முடிகிற இடத்தில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போவதால், வால் போனது எங்களுக்குத் தெரியவே இல்லை. நல்லா இருந்த பாட்டுக்குச் சண்டை போட்டோம், வெட்டுப்பட்ட பாட்டைத் தலையாட்டிக் கேட்டோம்.

அப்புறம் அந்தக் கேசட் வாக்மேனில் என்னோடு பஸ் ஏறியது. நாகர்கோவில் வடசேரியில் போட்டால் தக்கலை வரும்போது பக்கம் திருப்ப வேண்டும். வழியில் நெரிசல் இல்லாவிட்டால் குழித்துறைப் பாலத்தருகே கேசட் முடியும். ஆகவே என்னைப் பொறுத்தவரை ‘வெயிட் ஃபார் ஸ்லீப்’ என்பது மார்த்தாண்டத்துக்கு முன்னால் வருகிற ஒரு பியானோ. வரியும் இசையும் கீபோர்டு வாசித்த கெவின் மூர் தனியாக எழுதியவை. டிரம்ஸ் கிடையாது, ஜேம்ஸ் லாப்ரீயின் குரலும் பியானோவும்தான் பாட்டு. முடிந்ததும் பதினொன்றரை நிமிட ‘லேர்னிங் டு லிவ்’ தொடங்குகிறது. பாதி தாண்டி, நாம் அந்தப் பியானோவை மறந்துவிட்ட நேரத்தில், அதே மெட்டு திரும்பி வருகிறது. முதல் தடவை அது பிடிபட்டபோது, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். சின்னப் பாட்டு இல்லாமல் பெரிய பாட்டுக்கு அந்த இடம் கிடையாது. கட்டுரையாளர் ஒன்றுக்கு இரண்டாம் இடமும் மற்றதற்கு எட்டாம் இடமும் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு இரண்டாம் பரிசு, அதன் வாசல்படிக்கு ஆறுதல் பரிசா?

எங்கள் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். குடமும் உடுக்கையும் கட்டையும் ஜால்ராவுமாக இரவெல்லாம் கதை போகும். காப்புப் பாட்டு சின்னது, வாழி பாடுவது சின்னது என்று யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. சாமி வருகிற கட்டம் மட்டும் போதும், மற்றதை விட்டுவிடு என்று புலவரிடம் யாராவது சொன்னால் என்ன நடக்கும் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

சரி, குறை சொன்னால் மட்டும் போதாது, என் வரிசையையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன சின்னப் பாட்டும் பெரிய பாட்டும் சேர்ந்து முதல் இடம், பிரித்துக் கேட்டால் தர மாட்டேன். அடுத்தது ‘மெட்ரோபோலிஸ்’. பாட்டு நின்று, பாடகர் தவிர்த்த நான்கு பேரும் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்குவதுபோல் வாசிக்கும் நடுப்பகுதியைத் தாளம் போட்டு எண்ணிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன், எங்கள் குழுவின் தபலாக்காரரும் தோற்றார். ‘முதல் பாகம்’ என்று விளையாட்டாகப் பெயர் வைத்துவிட்டு, ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 1999-ல் இரண்டாம் பாகத்தை ஒரு முழு ஆல்பமாகவே செய்தார்கள். மூன்றாவது ‘அண்டர் எ கிளாஸ் மூன்’, அதுவும் ஜான் பெட்ருச்சியின் கிடார் சோலோவுக்காக மட்டும். ‘சரவுண்டட்’ நான்கு. கீபோர்டுக்காரன் ஓரவஞ்சனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘அனதர் டே’ விஷயத்தில் நான் கட்டுரையாளரைவிட மோசமாக நடந்திருக்கிறேன். சாக்ஸபோனோடு வருகிற காதல் பாட்டு என்று நினைத்து, பேனாவைச் செருகிக் கேசட்டைச் சுற்றித் தாண்டிவிடுவேன். அது காதல் பாட்டே இல்லை. பெட்ருச்சி, புற்றுநோயில் கிடந்த தன் அப்பாவை நினைத்து எழுதியது. இதை நான் தெரிந்துகொண்ட வருடம் என் அப்பாவைச் சிகிச்சைக்காக அதே பஸ்ஸில் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பேனா எடுக்கவில்லை. அதனால் ஐந்தாம் இடம். நடுநிலையான தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த சாக்ஸபோன் சத்தம் கீபோர்டில் எடுத்தது என்று கட்டுரையில் இருப்பதும் தவறு. ஸ்பைரோ ஜைரா குழுவின் ஜே பெக்கன்ஸ்டைன் ஊதியது அது.

‘புல் மீ அண்டர்’ ஆறாவது. கட்டுரையில் முதல் இடம் பெற்ற பாட்டு, அமெரிக்க ரேடியோவில் இவர்களைப் பிரபலப்படுத்திய பாட்டு, எனக்கும் பிடித்த பாட்டுதான். ஆனால் வாசலில் நின்று அழைத்தவருக்கே பந்தியில் முதல் இலை போட வேண்டும் என்பதில்லையே. கடைசி இடம் ‘டேக் த டைம்’. நான்கு பேர் சேர்ந்து வரிகள் எழுதியிருக்கிறார்கள், அது காதில் தெரிகிறது. நம் பக்கத்து அவியலில் எல்லாக் காயும் விழும், ஆனாலும் தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டுப் பிடித்து வைக்கிற ஒன்று உண்டு. இதில் அது கொஞ்சம் குறைவு. சண்டைக்கு வருபவர்கள் வரலாம், பலர் வருவார்கள் என்றும் தெரியும்.

டிரம்ஸ் சத்தத்தைக் கட்டுரை புகழ்ந்திருப்பது பற்றி ஒரு வார்த்தை. மைக் போர்ட்னாயின் கை அபாரம், மறுப்பில்லை. ஆனால் ஸ்னேர் என்கிற அந்தச் சின்ன டிரம் ஒவ்வொரு அடிக்கும் ஒரே மாதிரி விழுகிறதே, அது தயாரிப்பாளர் டேவிட் ப்ரேட்டர் மேலே ஏற்றிய சாம்பிள், அதாவது முன்பே பதிந்து வைத்த சத்தம். போர்ட்னாய்க்கே அது பிடிக்கவில்லை. ரிதம் பேடு வந்த புதிதில் எங்கள் மேடைகளில் கேட்ட அதே டப் டப் எனக்கு இதில் கேட்கிறது.

கேசட்டில் விடுபட்ட அந்த அரை நிமிடத்தைச் சில வருடம் கழித்து சிடியில்தான் கேட்டேன். புதிதாக ஒன்றுமில்லை, அதே மெட்டு தேய்ந்துகொண்டே போகிறது, அவ்வளவுதான். இருந்தும் இரண்டு தடவை பின்னால் தள்ளிக் கேட்டேன். கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள்: ஏழாவது, எட்டாவது பாடல்களை நடுவில் நிறுத்தாமல் ஒருமுறை சேர்த்துக் கேளுங்கள். பதினான்கு நிமிடம்தான். கேட்ட பிறகும் எட்டாம் இடம்தான் என்றால், அடுத்த இதழில் எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கீபோர்டுக்காரன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.